ஏழு பேர், ஒரு மலை, ஒரு எலக்ட்ரிக் வண்டி: திருநகர் வீட்டுக் கணக்கு

திருநகரில் இருக்கும் என் தாய்மாமா வீட்டில் மொத்தம் ஏழு பேர். மாமா, அத்தை, எண்பதைத் தாண்டிய அம்மாச்சி, மச்சான், அவன் மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன், ஒரு பொண்ணு. வீட்டில் நிற்கும் டீசல் ஏழு சீட்டர் பழசாகிவிட்டது, வருஷா வருஷம் ஒர்க்‌ஷாப்புக்கு அழுகிற காசு கூடிக்கொண்டே போகிறது. அடுத்தது எலக்ட்ரிக்தான் என்று மச்சான் முடிவு கட்டிவிட்டான். மாமாவுக்கு அரை மனசு. "மாப்ள, நீ ஒரு எட்டு வந்து பார்த்துச் சொல்லு. இவன் உள்ள இருக்கிற டிவியைப் பார்த்தே மயங்கிருவான்" என்று போனில் சொன்னார். அப்படி ஆரம்பித்த ஆய்வு இது. இதே மாதிரி கூட்டுக் குடும்பம், இதே மாதிரி யோசனையில் இருப்பவர்கள் மதுரைப் பக்கம் நிறையப் பேர் இருப்பதால் முழுசாகவே எழுதுகிறேன்.

முதலில் வண்டி எதற்கு என்பதைப் பார்த்தோம். மாமாவின் மளிகை மொத்தக் கடை கீழமாசி வீதியில். அங்கே கார் கொண்டுபோவது வீண் வேலை, அவர் எப்போதும் ஸ்கூட்டர்தான். மச்சான் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குத் தினமும் போய் வருவான், அது இருபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இதற்கெல்லாம் இன்று விற்கிற எந்த எலக்ட்ரிக் காரும் போதும், ஆய்வே தேவையில்லை. மிச்சம் இருப்பது உசிலம்பட்டிக்கு மேற்கே குலதெய்வம் கோயில், திருச்செந்தூர், கோடை விடுமுறையில் கொடைக்கானல், தாம்பரத்தில் கட்டிக்கொடுத்த பெண் வீடு.

இந்தப் பட்டியலைப் பார்த்ததுமே ஒன்று தெளிவாகிவிட்டது. இந்த வீட்டில் ஏழு பேரும் ஏறுகிற நாளும் தூரம் போகிற நாளும் ஒரே நாள். பெட்டிகள் ஏறுவதும் அன்றைக்குத்தான், ஏசி நிற்காமல் ஓடுவதும் அன்றைக்குத்தான், மலை ஏறுவதும் அன்றைக்குத்தான். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் ஒருத்தர் இரண்டு பேர் போகிற வண்டி. ஷோரூமில் காட்டுவதும் கம்பெனி சொல்லுகிற ரேஞ்சும் (ஒரு முழு சார்ஜில் ஓடுகிற தூரம்) அந்த மற்ற நாளுக்கான வண்டியை. ஆனால் மூன்றாவது வரிசைக்கு நாம் காசு கொடுப்பது அந்த ஒரு நாளுக்காக. அதனால் எல்லா வண்டியையும் அந்த நாளை வைத்தே அளப்பது என்று முடிவு செய்தேன்.

வரிசையில் நின்ற வண்டிகள்

மூன்று வரிசை எலக்ட்ரிக் என்று தேடினால் பட்டியல் சின்னதுதான். மேல்கோடியில் கியா இவி9 இருக்கிறது. 2024 அக்டோபரில் 1.3 கோடிக்கு வந்த ஆறு சீட்டு வண்டி. அதைப் பற்றி மாமாவிடம் பேசவே இல்லை, பேசியிருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார். பிஒய்டி இமேக்ஸ் 7 ஆரம்பமே 26.90 லட்சம், அந்த விலைக்கு 55.4 யூனிட் பேட்டரி. நல்ல வண்டிதான், ஆனால் அந்தக் காசுக்கு இதைவிடப் பெரிய பேட்டரியே கிடைக்கும்போது எதற்கு என்று ஒதுக்கினோம். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்ததிலிருந்து மாமாவுக்கு 'நம்ம ஊர்ப்பக்கம் செய்யிற வண்டி' என்று ஒரு ஆசை உண்டு. ஆனால் அங்கிருந்து முதலில் வந்த விஎஃப் 6, விஎஃப் 7 இரண்டும் ஐந்து சீட்டு.

கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று கியா கேரன்ஸ் கிளாவிஸ் இவி. 2025 ஜூலையில் 17.99 லட்சத்தில் ஆரம்பித்தது. 42 யூனிட் பேட்டரிக்கு 404 கிலோமீட்டர், 51.4 யூனிட் பேட்டரிக்கு 490 கிலோமீட்டர் என்பது கம்பெனிக் கணக்கு. உண்மையில் இது உயரமான எஸ்யூவி இல்லை, கொஞ்சம் தூக்கி நிறுத்திய எம்பிவி, அதாவது தாழ்வான குடும்ப வண்டி. இன்னொன்று மஹிந்திரா எக்ஸ்இவி 9எஸ். 2025 நவம்பரில் 19.95 லட்சத்தில் வந்தது. 59, 70, 79 யூனிட் என்று மூன்று பேட்டரி. சின்னதற்கு 521, பெரியதற்கு 679 கிலோமீட்டர் என்கிறார்கள். எல்லாமே ஷோரூம் விலை, இன்சூரன்ஸும் மற்றதும் தனி. எலக்ட்ரிக்குக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதே உருவமுள்ள டீசல் எஸ்யூவிக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து 40 சதவீதம். விலை அருகருகே வந்து நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இங்கே யூனிட் என்று நான் சொல்வது நம் ஈபி பில்லில் வருகிற அதே யூனிட். கிலோவாட் அவர் என்று எழுதினால் பயந்துகொண்டு கேட்கிற மாமா, யூனிட் என்றதும் கடைக் கணக்கு மாதிரி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கொடைக்கானல் கணக்கு

404, 490, 679 எல்லாம் ஆய்வகத்தில் உருளைகள் மேல் சக்கரத்தைச் சுற்றவிட்டு எடுக்கிற எண்கள். அந்த உருளைக்கு மலை தெரியாது. நமக்கு மலைதான் முக்கியம், அதனால் பள்ளிக்கூட இயற்பியலை எடுத்து உட்கார்ந்தேன்.

மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். ஆக ஏறவேண்டியது ஏறக்குறைய 2,000 மீட்டர். பெரிய வண்டி, ஏழு பேர், பெட்டிகள் எல்லாம் சேர்த்து 2,600 கிலோ என்று வைத்தால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 14 யூனிட்டுக்கு மேல் வேண்டும், மோட்டார் நட்டமும் சேர்த்தால் 16 யூனிட். இதுபோக வத்தலக்குண்டு வழியாக 120 கிலோமீட்டர் ஓடுவதற்கான சாதாரணச் செலவு, நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் 18. மொத்தம் 34 யூனிட். கிளாவிஸ் எடை குறைவு என்பதால் அதற்கு 30 யூனிட் பக்கத்தில் முடியும்.

இப்போது பேட்டரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 404 கிலோமீட்டர் என்று விற்கிற 42 யூனிட் வண்டி, 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்குப் போவதற்குள் முக்கால்வாசியைக் குடித்துவிடுகிறது. இறங்குவதற்கு மிச்சம் போதும், ஆனால் மேலே பூம்பாறை, மன்னவனூர் என்று சுற்ற வேண்டும் என்றால் சார்ஜர் தேடித்தான் ஆகவேண்டும். 51.4 யூனிட் போய்த் திரும்பிவிடும், சுற்றுவதை அளந்து சுற்ற வேண்டும். 9எஸ்-ல் 59-ம் கிட்டத்தட்ட அதே நிலைமைதான், வண்டி கனம் என்பதால் கூடுதல் பேட்டரியில் ஒரு பங்கு தன் உடம்பைத் தூக்கவே போய்விடுகிறது. 79 யூனிட் என்றால் மேலே சார்ஜரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பேட்டரி எவ்வளவு என்கிற கேள்விக்குச் சென்னைப் பயணம் பதில் சொல்லும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், இந்த வீட்டுக்குப் பதில் சொன்னது கொடைக்கானல்.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பிடித்தபடியே பேட்டரியை ஏற்றும். ஏறும்போது செலவழித்ததில் பாதி திரும்பக் கிடைத்தால் நல்ல கணக்கு. ஆனால் ஒரு விஷயத்தை மச்சானிடம் இரண்டு தரம் சொன்னேன். மேலே தங்குகிற ஹோட்டலில் சார்ஜர் இருக்கிறது என்று ராத்திரி முழுக்கப் போட்டு 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கக் கூடாது. நிரம்பிய பேட்டரிக்குள் இன்னும் கரண்ட் ஏறாது, அதனால் அந்த மோட்டார் பிடிப்பு குறைந்துவிடும், இரண்டரை டன்னுக்கு மேல் கனத்தை வெறும் பிரேக் பேடு மட்டும் தாங்க வேண்டியிருக்கும். எண்பதோடு நிறுத்திவிட்டு இறங்குவதுதான் சரி.

சென்னைக்கு இவ்வளவு யோசனை வேண்டியதில்லை. நாலுவழிச் சாலையில் ஏழு பேரோடு நூறில் போனால் நூறு கிலோமீட்டருக்கு 19, 20 யூனிட் ஆகும். 79 யூனிட்டில் பதினைந்து சதவீதம் மிச்சம் வைத்தால்கூட விழுப்புரம் தாண்டிவிடும், சாப்பிட நிறுத்துகிற இடத்தில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் தாம்பரம். கிளாவிஸ் என்றால் பெரம்பலூர் தாண்டியதும் ஒரு நிறுத்தம், அநேகமாக இன்னொன்றும். ஆனால் '20 நிமிஷத்தில் 80 சதவீதம்' என்று விளம்பரத்தில் வருவதை நம்பி டீ மட்டும் சொல்லக் கூடாது, இட்லியும் சொல்லலாம். அது 180 கிலோவாட் சார்ஜரில், அதாவது மணிக்கு 180 யூனிட் தரக்கூடியதில் போட்டால்தான். வழியில் நிறையக் கிடைப்பது 60 கிலோவாட், அதையும் இரண்டு வண்டி பங்கு போட்டுக்கொள்ளும். பெரிய பேட்டரியில் 20-லிருந்து 80 வரை ஏற்ற 47 யூனிட் வேண்டும், 60 கிலோவாட்டில் தனியாகப் போட்டாலே முக்கால் மணி நேரத்துக்கு மேல்.

யார் எங்கே உட்காருவது

ரேஞ்சுக் கணக்கைப் பேப்பரில் போட்டுவிடலாம். இதைப் போட முடியாது. அதனால் ஷோரூமுக்கு ஏழு பேரும் போனோம், அம்மாச்சி உட்பட. விற்பனைக்காரப் பையன் முகத்தில் ஒரு கலக்கம் தெரிந்தது, டெஸ்ட் டிரைவ் என்றால் ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் பக்கத்தில் உட்கார்வதுதான் அவனுக்குப் பழக்கம்.

எலக்ட்ரிக் வண்டியில் பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருக்கிறது. அதனால் தரை உயர்கிறது, கூரை அதே அளவு உயர்வதில்லை. இது முன்சீட்டில் தெரியாது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் முழங்கால் மேலே வந்துவிடும், தொடை சீட்டில் படாது, பாரம் முழுக்க இடுப்பில். மச்சான் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. 9எஸ்-ல் பின்னால் உட்கார்ந்தவன், ரிங் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் "அப்பா, இதுல நான் மேலூர் தாண்ட மாட்டேன்" என்றான். பிள்ளைகளுக்கு இடம் தாராளம். ஆனால் பையன் இன்னும் ஐந்து வருஷத்தில் அப்பன் உயரம் வந்துவிடுவான், வண்டியோ பத்து வருஷம் நிற்கப்போகிறது. அந்த வயதில் அவனை முன்னே கொண்டுவந்து அவன் அம்மாவைப் பின்னே போடுவார்கள், நம் வீடுகளில் அப்படித்தான் நடக்கும். அதனால் மச்சான் மனைவியையும் அரை மணி நேரம் பின்னால் உட்காரச் சொன்னேன். அவள் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது என்றாள். இந்தச் சோதனை யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கு உட்பட.

அம்மாச்சிக்கு ஒரு முழங்கால் மாற்றுச் சிகிச்சை ஆனது. கிளாவிஸில் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் உட்கார்ந்து பிறகு இரண்டு காலையும் உள்ளே திருப்பினார், யார் கையும் தேவைப்படவில்லை. 9எஸ் அவருக்கு உயரம். கைப்பிடியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி வைத்தார், அடுத்த கால் வரவில்லை, அத்தை பின்னாலிருந்து தாங்க வேண்டியிருந்தது. அந்த நிமிஷத்தில் கிளாவிஸ்தான் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனால் இன்னொன்று அங்கேயே தெரிந்தது. மூன்றாவது வரிசைக்குப் போகிற வழி இரண்டாவது வரிசைச் சீட்டு வழியாகத்தான். அம்மாச்சி ஓரத்தில் உட்கார்ந்திருந்தால், நடுவழியில் பேத்திக்கு அவசரம் வந்ததும் அவரை இறக்கி, சீட்டை மடக்கி, பிள்ளையை இறக்கி, மறுபடி எல்லாரையும் ஏற்ற வேண்டும். கிளாவிஸில் ஒரு பட்டனை அமுக்கினால் சீட்டு தானாக மடங்கிக்கொள்கிறது, நல்ல வசதி, ஆனால் அம்மாச்சி தானாக மடங்க மாட்டார். நடுவில் உட்காரவைத்தால் சாய்ந்து தூங்க முடியாது. ஆக எந்த வண்டி வாங்கினாலும் அவருக்கு இரண்டாவது வரிசை சரிவராது.

முன்சீட்டில் உட்காரவைத்துப் பார்த்தோம். கதவு அகலமாகத் திறக்கிறது, சீட்டைப் பின்னே தள்ளலாம், பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. கீழே ஒரு சின்ன முக்காலி போட்டதும் 9எஸ்-லேயே சுலபமாக ஏறிவிட்டார், ஏசியும் நேராக முகத்துக்கு வருகிறது என்று சந்தோஷம் வேறு. மாமாவுக்குத்தான் முகம் சுருங்கிப் போனது, முப்பது வருஷமாக முன்சீட்டு அவருடையது. "பெத்த தாய்க்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப்போறீங்க" என்று அத்தை ஒரே போடாகப் போட்டார். நிரந்தரமாகப் பக்கவாட்டுப் படி வைக்கலாம் என்று மச்சான் கேட்டான். வைக்கலாம், ஆனால் கம்பெனி ஒப்புக்கொண்ட படியை அவர்களே மாட்ட வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்தில் வெளிக்கடைக்காரர் துளை போடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

பெட்டிகள் கதை சின்னது. ஏழு பேரும் உட்கார்ந்தால் கிளாவிஸில் பின்னால் இருப்பது 216 லிட்டர், இரண்டு பைக்கு மேல் தாங்காது, முன்பக்கம் 25 லிட்டர் இருப்பது சார்ஜர் வயருக்கே சரி. 9எஸ்-ல் பானட்டுக்கு அடியிலேயே 150 லிட்டர் இருக்கிறது. பொங்கல் வைக்கிற பானை, கரும்பு, அரிசிப் பை எல்லாம் அதில் போய்விடும் என்று அத்தை கணக்குப் போட்டார். கரும்பு போகாது, ஒடித்தால் போகும்.

ஈபி பில்

கரண்டில் ஓடினால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் என்று ஷோரூமில் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அது வீட்டுக்கு வீடு மாறும், ஏனென்றால் நமக்கு யூனிட் கூடக் கூட விலையும் கூடும். மாமா வீட்டில் ஏற்கனவே இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் பக்கம் ஓடுகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால், சார்ஜ் போடும்போது வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் கூடும். 2024 ஜூலைக் கட்டணப்படி 800 வரை 9.65, ஆயிரம் வரை 10.70, அதற்கு மேல் 11.80. ஆக அந்த 380 யூனிட்டுக்கு மட்டும் 4,050 ரூபாய், கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். டீசல் வண்டி லிட்டருக்கு 13 கொடுத்தால் ஏழு ரூபாய் ஆகிறது. அப்படியும் வருஷத்துக்கு அறுபதாயிரம் மிச்சம், அது பெரிய காசுதான், ஆனால் அதை 'ஒரு ரூபாய்' என்று சொல்லி ஏமாற்ற வேண்டியதில்லை. வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் யூனிட் இருபது ரூபாய்க்கு மேல் போகும், அப்போது கிலோமீட்டருக்கு நாலு ரூபாய்.

இந்தப் பில்லைக் குறைக்க இரண்டு வழி. மின்வண்டி சார்ஜுக்கென்றே தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, அதில் தனி மீட்டர் வாங்கலாம். இல்லையென்றால் மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைக்கும். மதுரை வெயிலுக்கு நாளைக்கு 12 யூனிட் சுமாராக வரும், வண்டிச் செலவு முழுக்க அதில் அடங்கிவிடும். மாமாவுக்குச் சோலார்தான் பிடித்தது, மானியம் என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து.

எது செய்தாலும் த்ரீ ஃபேஸ் வேண்டும். மாமா வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ், அந்த இணைப்பின் லோடு 7 கிலோவாட் சார்ஜருக்குப் போதாது. சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் போட்டால் பெரிய பேட்டரி நிரம்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். தினசரி கப்பலூர் ஓட்டத்துக்கு அது போதும், ஊரிலிருந்து வந்து மறுநாளே கிளம்புவதற்குப் போதாது.

எடுத்த முடிவு

9எஸ், 79 யூனிட், ஆனால் ஆரம்ப வகை. அறிமுக விலையில் 59 யூனிட் 19.95, அதே வசதிகளோடு 79 யூனிட் 21.95. இரண்டு லட்சத்துக்கு 20 யூனிட் கூடுதல். மச்சான் ஆசைப்பட்ட மேல்வகை 29.45, கிட்டத்தட்ட ஏழரை லட்சம் வித்தியாசம், பேட்டரி ஒன்றேதான். ஸ்கிரீன், ஸ்பீக்கர், கண்ணாடிக் கூரை எதுவும் கொடைக்கானல் ஏற்றாது. மதுரை வெயிலில் கண்ணாடிக் கூரையை யார் கேட்டார்கள் என்பது தனிக் கேள்வி. மச்சான் இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டான்.

வீட்டில் வயதானவர்கள் இரண்டு பேர் இருந்து, மலைப்பக்கம் போகாமல், திருச்செந்தூர், ராமேஸ்வரம் மட்டும் போகிற குடும்பமாக இருந்தால் நான் கிளாவிஸ் 51.4-ஐத்தான் சொல்லியிருப்பேன். ஏறி இறங்குகிற சுகத்தில் 9எஸ் அதற்குப் பக்கத்தில் நிற்காது. 42 யூனிட்டை ஏழு பேர் குடும்பம் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலதைக் கேட்டு எழுதி வாங்கச் சொன்னேன். சார்ஜர் விலையும் மாட்டுகிற கூலியும் தனியாக எவ்வளவு, ஸ்டெப்னி உண்டா பஞ்சர் கிட் மட்டுமா, பக்கவாட்டு ஏர்பேக் திரை மூன்றாவது வரிசைவரை வருகிறதா, சாலை வரி விலக்கு பதிவு செய்கிற நாளில் அமலில் இருக்கிறதா. வண்டி நீளம் 4.74 மீட்டர், மாமா வீட்டுப் போர்டிகோவில் டேப் பிடித்துப் பார்த்ததில் கேட் மூடுகிறது, துளசிமாடத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டும்.

கடைசியாக ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. வண்டியைக் கடை பெயரில் எடுத்தால் எலக்ட்ரிக்குக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம், வரி குறையும் என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் மஹிந்திரா தன் எலக்ட்ரிக் வண்டிகளுக்குத் தருகிற ஆயுள்கால பேட்டரி வாரண்டி, தனிநபர் பெயரில் பதிவான முதல் உரிமையாளருக்குத்தான் என்று வைத்திருக்கிறது. வரியில் மிச்சமாவது எவ்வளவு, வாரண்டி போனால் இழப்பு எவ்வளவு என்று ஆடிட்டரும் மாமாவும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் த்ரீ ஃபேஸுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அது வந்து மீட்டர் மாட்டுகிறவரை டீசல் வண்டியை விற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.